கால்பந்து யாருக்கு? கைப்பந்து யாருக்கு?



ஃபுட்பால் என்ற பெயரில் உலகத்தில் எத்தனை ஆட்டம் இருக்கு, தெரியுமா? நாம் ஆடுவது ஒன்று. அமெரிக்காவில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அங்கே அதற்குப் பெயர் ஃபுட்பால். கனடாவில் ஏறக்குறைய அதே மாதிரி, சில விதிகள் மட்டும் மாறி, இன்னொரு ஃபுட்பால். ஆஸ்திரேலியாவில் ஒன்று. அயர்லாந்தில் ஒன்று. ரக்பியின் முழுப்பெயரும் ரக்பி ஃபுட்பால்தான், அதிலும் யூனியன், லீக் என்று இரண்டு வகை. எண்ணிப் பாருங்க, ஏழு வருது. ஏழு பேரும் "நான்தான் ஃபுட்பால்" என்கிறார்கள்.

இவங்க சண்டை நமக்கு எதுக்கு என்று கேட்காதீங்க. இதே மாதிரி ஒரு பெயர்க் குழப்பத்தால் நம் பள்ளி அணிக்கு ஒரு போட்டியே போச்சு. அது கால்பந்து இல்லை, கைப்பந்து. அதைப் பின்னால் சொல்றேன். கால்பந்து கதை தெரிந்தால்தான் கைப்பந்து கதை புரியும்.

பழைய இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ஒரு ஃபுட்பால் இருந்தது. ஒரு பள்ளியில் பந்தைக் கையில் எடுக்கலாம், இன்னொரு பள்ளியில் எடுக்கக் கூடாது. நம்ம ஊரில் பாண்டி ஆட்டத்துக்கும் கோலிக்கும் தெருவுக்குத் தெரு சட்டம் மாறுமே, அந்த மாதிரி. ஒரே தெருவுக்குள் ஆடும்வரை இது பிரச்சினை இல்லை. அடுத்த தெருவோடு ஆடும்போதுதான் "எங்க தெருவுல இது அவுட் கிடையாது" என்று ஆரம்பிக்கும். அங்கேயும் அதேதான் நடந்தது. 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஒரு விடுதியில் பல கிளப்காரர்கள் கூடி, எல்லாருக்கும் ஒரே சட்டம் எழுத ஃபுட்பால் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் முன்னங்காலில் உதைக்கலாமா என்பதில் பெரிய சண்டை வந்தது. இரண்டும் கூடாது என்று முடிவானது. பிளாக்ஹீத் என்ற கிளப் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. (காலில் உதைக்க விடவில்லை என்று கோபம்! நல்லா இருக்கு இல்ல?) தூக்கிக்கொண்டு ஓடுகிற கட்சி 1871-ல் ரக்பி ஃபுட்பால் யூனியன் என்று தனிச் சங்கம் வைத்தது.

அப்போ இரண்டு பேரும் ஃபுட்பால். பிரித்துச் சொல்ல அடைமொழி வேண்டியிருந்தது. சங்கத்துச் சட்டப்படி ஆடுவது அசோசியேஷன் ஃபுட்பால், ரக்பி பள்ளிச் சட்டப்படி ஆடுவது ரக்பி ஃபுட்பால். இவ்வளவு நீளமாக யார் சொல்வது? அங்கே கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல்லை வெட்டி, கடைசியில் 'அர்' ஒட்டிப் பேசுவது ஒரு பழக்கம். ரக்பி 'ரக்கர்' ஆனது. அசோசியேஷன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் நடுவில் இருக்கும் மூன்றை மட்டும் பிடுங்கி 'சாக்கர்' ஆக்கினார்கள். நாம மகாலட்சுமியை ஒருத்தி 'மகா' என்றும் இன்னொருத்தி 'லட்சு' என்றும் கூப்பிடற மாதிரி. ஆக, சாக்கர் என்ற சொல்லை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாகக் கேலி செய்வது தப்பு. அது இங்கிலாந்துச் சரக்கு. அமெரிக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, யாருக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று எப்படி முடிவு பண்றது?

முதலில் வந்தவருக்குப் பெயர் என்று வைத்துப் பார்க்கலாம். லண்டனில் சட்டம் எழுதியது 1863-ல். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் அவர்கள் ஃபுட்பாலுக்குச் சட்டம் எழுதியது 1859-ல். நாலு வருஷம் மூத்தது! இந்தக் கணக்கில் போனால், உலகமெல்லாம் ஆடுகிற ஆட்டம் பெயரை ஆஸ்திரேலியாவிடம் கொடுத்துவிட்டு நிற்கணும். இது சரிப்படாது.

அடுத்து, பெயரில் என்ன இருக்கோ அதைச் செய்கிறவருக்குப் பெயர். காலால் பந்தை ஆடுவதுதான் ஃபுட்பால் என்றால் நம்ம ஆட்டம் சுலபமாக ஜெயிக்கும் என்று தோன்றும். அமெரிக்க ஆட்டத்தில் தொடங்கும்போது ஒரு உதை, கம்பத்துக்கு நடுவே புள்ளிக்காக ஒரு உதை, பந்தைத் தூரத் தள்ளிவிட ஒரு உதை என்று எப்போதாவதுதான் கால் வேலை செய்யும். மற்ற நேரமெல்லாம் கைதான். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்க. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் ஆடியதைத்தான் அமெரிக்க ஃபுட்பாலின் முதல் ஆட்டம் என்று சொல்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவே கூடாது! அது நம்ம கால்பந்துக்கு நெருக்கமான ஆட்டம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரக்பி பக்கம் சாய்ந்து, 1906-ல் பந்தை முன்னால் எறியவும் அனுமதி கொடுத்து, இப்போது இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆட்டம் மாறினது, பெயர் மாறவில்லை.

நம்ம பக்கமும் அவ்வளவு சுத்தம் இல்லை. 1863-ல் எழுதிய முதல் சட்டத்தில், பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கலாம் என்றே இருந்தது. பிடித்தவருக்கு ஒரு ஃப்ரீ கிக் கொடுப்பார்கள். கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் தொடலாம் என்ற சட்டம் 1912 வரைக்கும் இருந்தது. அதுக்கு அப்புறம்தான் பெனால்டி கட்டத்துக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள். இன்றைக்கும் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே போடுவது கையால்தானே?

இன்னொரு கதையும் சொல்கிறார்கள். குதிரை மேல் உட்காராமல் தரையில் காலால் ஓடி ஆடுவதால் ஃபுட்பால் என்று பெயர் வந்ததாம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிப் பார்த்தா கபடியும் ஃபுட்பால், கோ-கோவும் ஃபுட்பால், நொண்டி ஆட்டம் அரை ஃபுட்பால்!

மூன்றாவது வழி கூட்டம். எந்த ஊரில் எந்த ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகமோ அதுக்கு அடைமொழி இல்லாத வெறும் பெயர் போகும். மற்றதெல்லாம் அடைமொழியோடு நிற்கும். உலகத்தில் உண்மையாக நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மெல்போர்னில் போய் ஃபுட்பால் என்றால் ஆஸ்திரேலிய ஆட்டம். அதே நாட்டில் சிட்னியில் ஃபுட்பால் என்றால் பலருக்கு ரக்பி லீக். ஒரே நாடு, இரண்டு ஊர், இரண்டு ஃபுட்பால். அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் ஆடும் சங்கம் 1884-லேயே தொடங்கியது. அங்கே பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம். அந்த ஆட்டக்காரர்கள் நம்ம ஆட்டத்தைச் சாக்கர் என்பார்கள்.

பெயர்ப் பலகையை மாற்றி எழுதினவங்களும் உண்டு. அமெரிக்காவில் நம்ம ஆட்டத்தை நடத்தும் சங்கம் 1913-ல் தொடங்கியபோது அதன் பெயரில் 'ஃபுட்பால்' மட்டும்தான் இருந்தது. 1945-ல் 'சாக்கர் ஃபுட்பால்' என்று இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். 1974-ல் ஃபுட்பாலை எடுத்துவிட்டு 'சாக்கர்' மட்டும் வைத்தார்கள். வீட்டுக்காரர் பெரிய ஆள் என்று குடித்தனக்காரர் ஒதுங்கிப் போன மாதிரி. ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறு. அங்கே 'சாக்கர்' என்று பெயர் வைத்திருந்த சங்கம், 2005-ல் 'ஃபுட்பால்' என்று மாற்றிக்கொண்டது. இனிமே நாங்கள் ஒதுங்கி நிற்க மாட்டோம் என்று அர்த்தம். 2026 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அதில் இரண்டு நாட்டில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம்! போட்டியின் பெயரில் மட்டும் ஃபுட்பால் என்றுதான் இருக்கும், ஏன்னா ஃபீஃபா என்ற பெயரிலேயே ஒரு 'ஃபு' அதுதான்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் இல்லை. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஷூ போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்து ஷீல்டு வாங்கியது. அந்த அணியில் ஏறக்குறைய எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஃபுட்பால் என்ற பெயர் அவங்களுக்குப் பொருந்தின மாதிரி வேறு யாருக்கும் பொருந்தாது என்பது என் கட்சி.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகிற வழியில் கொரியன் எழுத்துப் பலகை வைத்த ஓட்டல்கள் எல்லாரும் பார்த்திருப்பீங்க. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனி 1998-ல் கார் செய்ய ஆரம்பித்ததில் இருந்து கொரியாக்காரங்க நமக்குப் பக்கத்து ஊர்க்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு அண்ணன் கொரியன் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை செய்கிறார். கொரியன் பாஷை கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்டேன், "அண்ணா, கொரியன்ல கால்பந்துக்கு என்ன?" அவர் சொன்னது: "சுக்கு!" நம்ம சுக்குக் காப்பி சுக்கு மாதிரியேதான், 'ச'வை மட்டும் கொஞ்சம் அழுத்தணும். 'சுக்' என்றால் உதை, 'கு' என்றால் பந்து. உதைபந்து. அவங்க பெயரில் காலே இல்லை.

அப்போ கால்பந்து? அதுவும் இருக்கு! 'ஜொக்கு' என்று ஒரு ஆட்டம். 'ஜொக்' என்றால் பாதம், 'கு' என்றால் பந்து. சொல்லுக்குச் சொல் கால்பந்து. ஆனால் அது கோல் போடும் ஆட்டமே இல்லை. நடுவில் தாழ்வாக வலை கட்டி, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் நின்று, காலாலும் தலையாலும் மட்டும் பந்தை வலைக்கு மேலே தட்டும் ஆட்டம். வாலிபால் மாதிரி, ஆனா கை கூடாது. 1960களில் கொரிய விமானப் படைக்காரர்கள் தொடங்கியது. கம்பெனி வளாகத்தில் ஓய்வு நேரத்தில் கொரியன் சார்கள் இதை ஆடுவார்கள் என்று அந்த அண்ணன் சொன்னார். இன்னும் கேளுங்க. 'ஜொக்கு' என்பதைச் சீன எழுத்தில் எழுதினால் வரும் அதே இரண்டு எழுத்தைத்தான் சீனாவில் நம்ம கால்பந்துக்கு எழுதுகிறார்கள். ஒரே எழுத்து, சீனாவில் ஒரு ஆட்டம், கொரியாவில் வேறு ஆட்டம். என்ன, தலை சுற்றுதா?

தமிழிலும் எல்லாரும் கால்பந்து என்று சொல்வதில்லை. இலங்கைத் தமிழர்கள் உதைபந்தாட்டம் என்கிறார்கள். கொரியாக்காரர்களும் அவர்களும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே அர்த்தம்! இத்தாலியில் சொல்லும் 'கால்ச்சோ' என்பதற்கும் உதை என்றுதான் பொருளாம். சிங்கப்பூர்த் தமிழர்கள் புணர்ச்சி இலக்கணம் தவறாமல் காற்பந்து என்று எழுதுகிறார்கள். எனக்கு உதைபந்து பிடித்திருக்கு. கால்பந்து என்றால் கால் என்ன செய்யுது என்று தெரியலை, உதைபந்து என்றால் உடனே தெரியுது. ஆனால் நம் பக்கம் கால்பந்து என்று ஊன்றிவிட்டது. குழப்பமும் இல்லை. தமிழில் கால்பந்து என்று எழுதினால் யாரும் தலைக்கவச ஆட்டத்தை நினைக்க மாட்டார்கள். அதனால் அமெரிக்க ஆட்டத்தைத் தமிழில் எழுதும்போது 'அமெரிக்கக் கால்பந்து' என்று மொழிபெயர்க்காமல் 'அமெரிக்க ஃபுட்பால்' என்றே எழுதலாம். அது ஒரு பெயர், அவ்வளவுதான். ராஜா என்று பெயர் வைத்தவரை அரசர் என்று மொழிபெயர்த்துக் கூப்பிடுவோமா?

கைப்பந்தில்தான் சிக்கல்.

போன வருஷம் நம் பள்ளிக்கு ஒரு போட்டி அறிவிப்பு வந்தது. மாணவியர் கைப்பந்து என்று போட்டு, தேதி, இடம், நேரம் எல்லாம் இருந்தது. நம் அணி வாலிபால் அணி. ஆறு பேரும் மூன்று எக்ஸ்ட்ராவும் (அதில் நான் ஒருத்தி) மிஸ்ஸோடு இரண்டு பஸ் மாறிப் போனோம். அங்கே போய்ப் பார்த்தால் மைதானத்தில் வலையே இல்லை. இரண்டு பக்கமும் கோல் கம்பம். நடந்தது ஹேண்ட்பால் போட்டி. வாலிபால் போட்டி முந்தின நாளே வேறு மைதானத்தில் 'கையுந்துபந்து' என்ற பெயரில் முடிந்துவிட்டது. அந்த அறிவிப்பு நம் பள்ளிக்கு வந்து சேரவே இல்லை. "ஆடறதுன்னா இதை ஆடுங்க, இல்லன்னா கிளம்புங்க" என்று அங்கே இருந்த ஒருவர் சொன்னார். ஹேண்ட்பாலுக்கு ஏழு பேர் வேணும். ஆள் இருந்தோம், ஆனால் எங்கள் யாருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. திரும்பி வந்தோம். அறிவிப்பு எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

எனக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. எங்கள் கேப்டன் அக்காவுக்குத்தான் நஷ்டம். அவங்க அப்போ பத்தாம் வகுப்பு. அவங்க சர்வீஸ் போட்டா எதிர்ப் பக்கம் தொடவே பயப்படுவாங்க. அடுத்தடுத்த சுற்றில் ஜெயித்துச் சான்றிதழ் வாங்கினால், பதினொன்றாம் வகுப்புக்கு விளையாட்டு விடுதியில் சேர விண்ணப்பிக்கலாம் என்று இருந்தாங்க. விடுதியில் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசே கொடுக்கும். இப்போது அவங்க வேறு பள்ளியில் பதினொன்று படிக்கிறாங்க. அங்கே வாலிபால் கோர்ட் கிடையாது.

இதில் யாரோ ஒருத்தர் வேண்டுமென்று தப்பு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெயரே அப்படி இருக்கு. நாளிதழைப் பிரித்தால் வாலிபால் போட்டிச் செய்திக்குக் கைப்பந்து என்று தலைப்பு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு ஊர் நடக்கும் மின்னொளி வாலிபால் போட்டிச் சுவரொட்டியிலும் மாபெரும் கைப்பந்துப் போட்டிதான். ஆனால் அரசு விளையாட்டு அறிவிப்புகளில் வாலிபாலைக் கையுந்துபந்து என்றும், ஹேண்ட்பாலைக் கைப்பந்து என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் வாலிபாலைக் கரப்பந்தாட்டம் என்பார்கள். 1991-ல் இருந்து அதுதான் அந்த நாட்டின் தேசிய விளையாட்டு. கரம் என்றாலும் கைதானே! ஆங்கிலத்தில் சொன்னால் குழப்பமே இல்லை. தமிழில் படிக்கும் நாம்தான் மாட்டிக்கொள்கிறோம். அதனால்தான் வாய்ப்பேச்சில் எல்லாரும் வாலிபால், ஹேண்ட்பால் என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். எழுதும்போது மட்டும் தமிழ்ப் பெயர் வந்து நிற்கும்.

அப்போ கைப்பந்து என்ற பெயர் யாருக்கு? கால்பந்துக்குப் பார்த்த அதே மூன்று வழியில் பார்க்கலாம்.

முதலில் வந்தது யார்? வாலிபாலை 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வில் இருந்த வில்லியம் மார்கன் உருவாக்கினார். கூடைப்பந்து ஓடி ஆட முடியாத பெரியவர்களுக்காக மெதுவான ஒரு ஆட்டம் வேண்டும் என்று செய்தது. அவர் வைத்த பெயர் மின்டோனெட். பேட்மிண்டனில் இருந்து வந்த பெயர். அடுத்த வருஷம் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், பந்து தரையைத் தொடுவதற்கு முன் தட்டித் தட்டி ஆடுகிறார்களே, அதற்கு 'வாலி' என்றுதானே பெயர் என்று சொல்ல, வாலிபால் ஆனது. (பெயரை மாற்றாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் மின்டோனெட் டீம்!) ஹேண்ட்பால் டென்மார்க், ஜெர்மனி பக்கத்து ஆட்டம். டென்மார்க்கில் ஹோல்கர் நீல்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1898-ல் தொடங்கி, 1906-ல் சட்டத்தை அச்சடித்தார். வயதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கூட்டம் யாருக்கு? சந்தேகமே வேண்டாம், வாலிபாலுக்குத்தான். அதற்குக் காரணம் இடம். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். ஹேண்ட்பாலுக்கு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கணக்குப் போட்டுப் பாருங்க, 162 சதுர மீட்டருக்கு எதிரே 800 சதுர மீட்டர். நம் ஊரில் புறம்போக்கு மைதானம் எல்லாம் லாரி நிறுத்துமிடம் ஆயிட்டு வருது. இருக்கிற இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுறாங்க. இரண்டு கம்பமும் ஒரு வலையும் நட்டால் மீதி இருக்கிற மூலையில் நடக்கிற ஆட்டம் வாலிபால்தான். தொழிற்சாலைக்காரர்களுக்கும் அது ஒத்துவரும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபாலை முதன்முதலில் சேர்த்தார்கள். அதில் பெண்கள் தங்கம் வாங்கிய ஜப்பான் அணியில் பெரும்பாலானவர்கள் ஒரே நூற்பாலையில் வேலை செய்தவர்கள்! ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரும் நம்ம அக்காமாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

ஆனால் மூன்றாவதாகப் பெயருக்கு ஏற்ற வேலை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. ஹேண்ட்பாலில் பந்தைக் கையில் பிடிக்கலாம், தரையில் தட்டிக்கொண்டு ஓடலாம், மூன்று அடி எடுத்து வைக்கலாம், மூன்று விநாடி வைத்திருக்கலாம், எறிந்து கோல் போடலாம். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே பந்து படவே கூடாது. முழுக்க முழுக்கக் கை. வாலிபாலில் கையால் பிடித்தால் தப்பு, தட்டத்தான் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாலிபாலில் 1990களில் சட்டத்தை மாற்றி, உடம்பில் எந்த இடத்தாலும் பந்தை எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். காலால் உதைத்து எடுத்தாலும் பாயிண்ட் செல்லும்! காலால் எடுக்கக்கூடிய ஆட்டத்துக்குக் கைப்பந்து என்று பெயர், காலே படக்கூடாத ஆட்டத்துக்குப் பெயர் இல்லை. இது நியாயமா?

அதனால் என் தீர்ப்பு: தாளில் எழுதும்போது கைப்பந்து ஹேண்ட்பாலுக்கே. வாலிபாலுக்குக் கையுந்துபந்து. உந்துதல் என்றால் தள்ளுதல், அது அந்த ஆட்டத்துக்குச் சரியாக இருக்கு. பெயர் கொஞ்சம் நீளம்தான், சொல்லச் சொல்ல வந்துவிடும்.

நம் பி.இ.டி. மிஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்ற கணக்கு சரிதான்மா. ஆனா நாற்பது வருஷமா ஊர்ல கைப்பந்துன்னு போட்டு சுவரொட்டி ஒட்டறாங்க. ஊரே சொல்ற பெயரை நாலு பேர் உட்கார்ந்து மாத்த முடியாது. ஹேண்ட்பாலுக்கு வேற பெயர் வைக்கிறதுதான் சுலபம்" என்றார். மெல்போர்ன்காரங்களும் இதையேதான் சொல்வாங்க. பெயருக்கும் ஆட்டத்துக்கும் பொருத்தம் பார்த்தால் நம்ம பள்ளியிலேயே பாதிப் பெயர் தேறாது என்றும் மிஸ் சொன்னார். அதுவும் உண்மைதான். பூப்பந்தில் பூ இல்லை, மஞ்சள் கம்பளி நூல் பந்துதான். வளையப்பந்தில் பந்தே இல்லை, ரப்பர் வளையம் மட்டும்தான்! ஆனால் வளையப்பந்துக்கு அணியை அனுப்பினால் வளையப்பந்துதான் நடக்கும். பெயர் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால்தான் ஒருத்தர் சாப்பாட்டை இன்னொருத்தர் சாப்பிட்டுவிடுகிறார்.

மிஸ்ஸும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். இனிமேல் நம் பள்ளி விளையாட்டுப் பலகையில் தமிழ்ப் பெயருக்குக் கீழேயே வாலிபால் அல்லது ஹேண்ட்பால் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடுவோம். சான்றிதழிலும் அப்படியே எழுதித் தரும்படி கேட்கப் போகிறோம். பெயர் கொடுக்கப் போகிற தோழிகள் அறிவிப்பை முழுசாகப் படிங்க. களத்தில் இறங்குவோர் 6 பேர் என்று இருந்தால், வலை உயரம் 2.24 மீட்டர் என்று இருந்தால், அது நம்ம ஆட்டம். 7 பேர் என்றோ, கோல் கம்பம் 3 மீட்டர் அகலம் என்றோ இருந்தால் அது ஹேண்ட்பால். எதுவுமே போடாமல் வெறும் கைப்பந்து என்று மட்டும் இருந்தால், பஸ் ஏறுவதற்கு முன்னாடி மிஸ்ஸிடம் சொல்லி ஒரு போன் போடச் சொல்லுங்க.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி